பணமுடைக் காலத்தில் இல்லக் கணக்கு

நாட்டின் பொருளாதாரம் சரிந்துவிட்டது என்பதை அறிஞர்கள் ஆண்டறிக்கையில் எழுதி முடிப்பதற்கு முன்னரே அடுப்பங்கரை அதனை அறிந்துவிடுகிறது. உலையில் இடும் அரிசியின் அளவும், கடைக்காரரின் கொப்பியில் ஏறும் கடனும் எந்தத் திணைக்களத்தின் அறிக்கைக்காகவும் காத்திருப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் இவ்வாறே நிகழ்ந்தது. அக்காலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கூறிய அறிவுரை ஒன்று உண்டு. வரவு குறைந்தால் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே அது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால், குறைப்பதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் ஜெர்மானியப் புள்ளிவிபர அறிஞர். (கார்ல் மார்க்சின் நண்பரான எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.) பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857இல் அவர் ஒரு முடிவை வெளியிட்டார். குடும்பத்தின் வருமானம் எவ்வளவு குறைவோ, அவ்வருமானத்தில் உணவுக்குச் செல்லும் பங்கு அவ்வளவு கூடுதல் என்பதே அம்முடிவு. இன்றுவரை அதனைப் பொய்ப்பித்தவர் இலர். இலங்கையில் சராசரிக் குடும்பம் தன் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவையே உணவுக்கு ஒதுக்குகையில், தோட்டத்துறைக் குடும்பம் ஏறத்தாழப் பாதியை ஒதுக்குகிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு 14.3 பேர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். தோட்டத்துறையில் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 33.8 பேர். இது நெருக்கடி வருவதற்கு முந்திய நிலை என்பதை மறந்துவிடலாகாது.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதியை அடுத்திருக்கிறது பொல்பிட்டிய. லக்சபானவிலிருந்து மலையைக் குடைந்த வழியே வரும் நீர் இங்குள்ள மின்நிலையத்தை 1969 முதல் இயக்கி வருகிறது. இதற்கு மேலுள்ள மலைகளில், நோட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன் என ஏறிச் செல்லச் செல்லத் தேயிலையும் லயங்களுமே காட்சி தரும். இம்மலைகளில் வாழும் குடும்பங்களின் கணக்கை ஊன்றி நோக்கினால், செலவைக் குறைத்தல் என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை வேறு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன என்பது தெளிவாகும்.

முதலில் வரவைப் பார்க்க வேண்டும். 2021 மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், அடிப்படை 900 ரூபாவும் படி 100 ரூபாவுமாக, 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த தொகை அது. இரண்டு மாதங்கள் செல்லுமுன் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடை நீங்கிய போதிலும், உரத்தின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உரம் காணாத செடி கொழுந்து தருவதில்லை. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது.

தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்பர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். மலையில் கொழுந்து இல்லாதபோது எவ்வளவு விரைவாகக் கை ஓடினாலும் கூடை நிறைவதில்லை. ஆகவே காகிதத்தில் 1000 ரூபா மாறாமலே இருந்தது. மாத முடிவில் கைக்கு வந்த சம்பளமோ அரைப்பேர்களாலும் குறைந்துபோன வேலை நாள்களாலும் சுருங்கியது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்த்த மகனும் மகளும் மாதந்தோறும் அனுப்பிய பணம், அக்கடைகள் மூடப்பட்டபோது நின்றுபோயிற்று.

இனி விலையைப் பார்ப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஓராண்டில் பொருள்களின் விலை நூற்றுக்கு 69.8 வீதம் ஏறிவிட்டதென்று காட்டியது. உணவுப் பொருள்களில் மட்டும் அவ்வேற்றம் 94.9 வீதம். இந்த வீதங்களைத் தோட்டத்து அளவையில் சொல்வதானால் கோதுமை மாவால் சொல்ல வேண்டும். 1000 ரூபாச் சம்பளம் வந்த காலத்தில் ஒரு கிலோ மா 100 ரூபாவுக்கும் குறைவு. அதாவது ஒரு பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் மா கிடைத்தது. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்தியாவும் கோதுமை மா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின்னர், கிலோவின் விலை 300 ரூபாவைக் கடந்து சில கடைகளில் 400 ரூபாவையும் எட்டியது. அப்போது அதே பேருக்குக் கிடைத்தது மூன்று கிலோ, சில நாள்களில் இரண்டரைக் கிலோ.

மாவின் முக்கியத்துவத்தை அரசாங்கமும் அறியாமலில்லை. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 15 கிலோ மா, கிலோ 80 ரூபா வீதம் வழங்கப்படும் என்று 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் மா மூட்டைக்கும் இடையிலுள்ள தூரம் மலைநாட்டில் எப்போதுமே சற்று அதிகம்.

தோட்டத்து மக்கள் ரொட்டியை விரும்புவது பழக்கத்தால் மட்டும் என்று கருதுவோர் உளர். அஃது அவ்வாறன்று. காலையில் சுட்ட ரொட்டி மலைக்கு எடுத்துச் செல்ல இலகுவானது. நெடுநேரம் வயிற்றில் நிற்பது. சோற்றுக்குக் கறி வேண்டும். ரொட்டிக்குக் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல் போதும். ஆதலால் பணமுடை வந்தவுடன் இவ்வீடுகளில் முதலில் குறைந்தது வயிற்றை நிரப்பும் உணவன்று, அதனோடு சேர்த்து உண்ணும் உணவே. முட்டை நின்றது. நெத்தலிக் கருவாடு வாரம் ஒருமுறை என்பதிலிருந்து மாதம் ஒருமுறை என்றானது. பருப்பில் நீர் கூடியது. 2021 செப்டெம்பரில் 400 ரூபாவுக்கும் குறைவாக விற்ற 400 கிராம் பால்மாப் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. பிள்ளைக்குக் கொடுத்த பால்தேநீர் சாயத் தேநீரானது. பின்னர் அதில் சீனியும் குறைந்தது. உலகுக்கெல்லாம் தேயிலை தரும் மலையில், பாலும் சீனியும் இல்லாத தேநீரே காலையுணவின் இடத்தைப் பிடித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த மாற்றங்களால் எவரும் அன்று இரவு பசியோடு படுக்கவில்லை என்று ஒரு வீட்டார் உண்மையாகவே சொல்லலாம். ரொட்டியின் எண்ணிக்கை குறையவில்லை. ஆயினும் குறைந்தவை அனைத்தும் உடலைக் கட்டும் உணவுகள். 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வு ஒன்றின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையிலோ 32 பேர் அளவில் இருந்தனர். அப்படிப்பட்ட பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டுச் சிக்கனம் செய்தோம் என்பது, உடம்பிடம் கடன் வாங்கியதையே ஒக்கும். அக்கடன் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை.

பொருள் வாங்கும் முறையும் மாறியது. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கியவர்கள் வாரத்துக்கு வாங்கினர். வாரத்துக்கு வாங்கியவர்கள் அன்றாடம் வாங்கினர். சிறு போத்தலில் தேங்காய் எண்ணெய், 50 கிராம் மிளகாய்த்தூள், ஒருவேளைக்குரிய பால்மாப் பொட்டலம் என்றவாறு சிறு அளவில் வாங்கும்போது அன்றைய செலவு குறைந்தது போலத் தோன்றும். கிலோக் கணக்கிற் பார்த்தால் ஏழை கொடுக்கும் விலையே உயர்ந்தது. இதனை அறியாமல் அவர்கள் வாங்குவதில்லை. முழுப் பையை வாங்குவதற்குரிய பணம் ஒரே நாளில் ஒன்றாகக் கையில் சேருவதில்லை என்பதே காரணம்.

எரிபொருள் விடயத்தில் நிகழ்ந்தது வேறொரு வகை மாற்றம். சமையல் எரிவாயு தட்டுப்பாட்டால் நகரத்தார் திகைத்தபோது, விறகடுப்பை விடாதிருந்த லயத்து வீடுகளுக்கு அது பெருந்துன்பமாகவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் அவ்வாறன்று. 2022 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எல்லோரும் விறகை நாடவே விறகும் அரிதாயிற்று. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடைக்கும் தேயிலை மிலாறு நல்ல விறகு. எனினும் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். ஆகவே வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இன்னும் ஒரு மணி நேரம் நடந்து சுமை கட்டினர். பணச் செலவு குறைந்து நேரச் செலவு கூடியது. நேரத்துக்கு விலை போடாத கணக்கில் இதுவும் சேமிப்பாகவே தோன்றும்.

மின்சாரத்தின் கதையைப் பொல்பிட்டியவில் இருந்து கேட்பதே பொருத்தம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. சுழலிகளின் இரைச்சல் கேட்கும் தொலைவில் வாழ்ந்தவர்களும் குப்பி விளக்கையே ஏற்றினர். பின்னர் மின்சாரம் வந்தது, கட்டணமும் வந்தது. மாதம் 30 அலகு மட்டும் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக அவ்வீடு முன்னர் செலுத்தியது 105 ரூபா. 2022 ஆகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் ஆகி, மொத்தம் 1300 ரூபாவைத் தொட்டது. ஒரு முழுப்பேருக்கு மேல். அவ்வாண்டு ஜூலையில் கட்டணம் 450 ரூபா அளவுக்கு இறங்கும்வரை, பல வீடுகளில் ஒரே அறையில் ஒரே குமிழின் கீழ் சமையலும் படிப்பும் நடந்தன. குமிழை அணைத்தாலும் நிலையான கட்டணம் குறையாது என்பது, சிக்கனத்துக்குக் கட்டுப்படாத செலவும் உண்டென்பதற்கு நல்ல சான்று.

செலவைக் குறைக்க முடியாத இடத்தில் குடும்பம் அதனைத் தள்ளிப்போடுகிறது. கடைக்கொப்பி, தீபாவளி முற்பணம், சீட்டு, அடகு, நுண்கடன் ஆகியன அதற்குரிய வழிகள். கடைக்கொப்பியில் வட்டி எழுதப்படுவதில்லை. ஆனால் கொப்பியில் வாங்குபவர் விலை பேசுவதில்லை, வேறு கடைக்குப் போவதுமில்லை. தீபாவளிக்குத் தோட்ட நிர்வாகம் தரும் முற்பணம் அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். அதாவது அது வருங்காலச் சம்பளமே.

அடகின் நிலை விந்தையானது. ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததால் தங்கத்தின் விலை ஏறியது. முன்னர் பெற்றதைவிடக் கூடுதலான தொகையை அதே தோட்டுக்கு வங்கி தந்தது. இதனைக் கண்டு மகிழ்ந்தோரும் உண்டு. ஆனால் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. நாடெங்கும் கடனுக்கான வட்டி மேலேறியது. அன்று கூடுதலாகக் கிடைத்த தொகையே, மீட்கும் நாளில் கூடுதலான சுமையாகத் திரும்பி வந்தது.

கடனும் போதாதபோது, சுமை குடும்பத்தினுள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மாறுகிறது. தோட்டத்து வீட்டில் பரிமாறும் ஒழுங்கு எவரும் எழுதி வைக்காத சட்டம். வேலைக்குச் செல்லும் ஆணும் பிள்ளைகளும் உண்ட பின்னர் சட்டியின் அடியில் உள்ளதே தாய்க்குரியது. அவளும் அதே மலையில் அதே சரிவில் நாள் முழுவதும் கூடையைச் சுமந்தவள் என்பதை அந்த ஒழுங்கு கணக்கில் எடுப்பதில்லை. மதுவின் விலை ஏறினால் குடிப்போர் குறைவர் என்ற எதிர்பார்ப்பும் முழுதும் நிறைவேறவில்லை. சிலர் குறைத்தனர், சிலர் கசிப்புக்கு மாறினர்.

அடுத்துச் சுமை ஏறுவது பிள்ளையின் தோளில். பொருளாதார நெருக்கடியின் ஆழத்தை அறிய விரும்புவோர் பாடசாலையின் வரவு இடாப்பைப் புரட்டினால் போதும். மாத முடிவில், சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் வருகை குறையும். பேருந்துக் கட்டணம் ஏறிய மாதத்தில் தூரத்துப் பிரிவுகளிலிருந்து வருவோர் குறைவர். சீருடை பழையதாயினும் வருவார்கள், சப்பாத்து கிழிந்தால் வர வெட்குவார்கள். 2023ஆம் ஆண்டில் நாட்டின் பாடசாலைச் சீருடைத் துணியில் நூற்றுக்கு 70 வீதத்தைச் சீன அரசாங்கம் அன்பளிப்பாக வழங்கியது. அவ்வுதவி பெரியது, கொப்பியையும் சப்பாத்தையும் அது தொடவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்குரிய பணத்தை இவ்வீடுகள் கடைசிவரை குறைக்காமல் இருந்தமை வியப்புக்குரியது. ஆனால் தரம் 9, 10 வகுப்புகளில் உள்ள மூத்தவர்கள் கொழும்புக் கடைகளுக்குச் சென்றனர். 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். இருப்பினும் தம்பியின் புலமைப்பரிசில் வகுப்புக்கு அண்ணனின் படிப்பு விலையாயிற்று.

இவ்வளவு முடையிலும் கோயில் திருவிழாவுக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் பணம் கொடுக்கிறார்களே என்று குறைகூறுவோர் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது வீண் செலவாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே அவ்வீடுகளின் காப்புறுதி. சங்கத்துக்குப் பணம் கட்டாதவன் வீட்டில் சாவு நேர்ந்தால் பந்தலுக்கும் பெட்டிக்கும் எங்கே போவான்? சீட்டிலிருந்து விலகியவருக்கு அடுத்த அவசரத்தில் கைகொடுப்பார் யார்? வங்கி நம்பாத மனிதரை அயல்வீடு நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குச் செலுத்தும் தவணையே அப்பணம்.

இத்தகைய நெருக்கடி இம்மலைகளுக்குப் புதியதன்று. ஆனால் ஒவ்வொன்றும் வேறு முகம் கொண்டது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பெருமந்தம் வந்தபோது தேயிலையின் விலை வீழ்ந்தது, குறைந்தபட்சச் சம்பளமும் வெட்டப்பட்டது. தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். அப்போது அரிசியைத் தோட்டமே வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. உலகெங்கும் விலைகள் இறங்கிய காலம் அது. 2022இல் சம்பளத்தை எவரும் வெட்டவில்லை, விலையே அதனைத் தின்றது. 1973-74இல் உலக உணவு விலைகள் ஏறி, நாட்டில் பங்கீட்டு உணவு குறைந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அதே ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே நெருக்கடி. ஒரு சாராரிடம் சொந்த நிலம் இருந்தது, மற்றவரிடம் இருக்கவில்லை.

நிலத்தின் வேறுபாடு 2022இலும் தெரிந்தது. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று நாடெங்கும் அறிவுறுத்தினர். லயத்து அறைக்கு முன்னுள்ள சில அடி நிலத்தில் கீரையும் போஞ்சியும் இட்டு, அந்த அறிவுரையையும் பலர் நிறைவேற்றினர். வடிகால் ஓரத்தில் வைத்த உருளைக்கிழங்கு சில வீடுகளின் ஒரு மாதக் கறியாயிற்று. ஆனால் அந்த நிலம் அரசுக்குரியது. 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளது. நட்டவர் அங்கே குடியிருப்பவரேயன்றி உரிமையாளர் அல்லர்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய ஆய்வில், நாட்டின் குடும்பங்களுள் நூற்றுக்கு 60 வீதமானவற்றின் வருமானம் குறைந்ததென்றும், 91 வீதமானவற்றின் செலவு கூடியதென்றும் தெரியவந்தது. இவ்வளவு சுருக்கிய பின்னரும் செலவு கூடியதா என்று கேட்கலாம். ஆம், குறைவாக வாங்கிக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

2023 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 1.3 வீதமாக இறங்கியது. செய்தியைக் கேட்டவர்கள் விலைகள் இறங்கிவிட்டன என்று எண்ணினர். பணவீக்கம் இறங்கியது என்றால், விலை ஏறும் வேகம் தணிந்தது என்பது மட்டுமே பொருள். ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1750 ரூபாவாக்க முன்மொழிந்தது.

இல்லக் கணக்கில் பொருள்கள் திரும்பி வரும் ஒழுங்கும் ஒன்றுண்டு. முதலில் தேநீருக்குச் சீனி திரும்பியது. பின்னர் பருப்பு தடித்தது. கருவாடு வந்தது, முட்டை எப்போதாவது வந்தது. கடைக்கொப்பியின் பழைய பக்கங்கள் மெல்ல மெல்லக் கிழிக்கப்பட்டன. தோடு மட்டும் வரவில்லை. அடகுச் சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் வீடுகளில், தவணை முடியும் திகதி சுவரிலுள்ள நாட்காட்டியில் வட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த நாளுக்கு முன் வட்டியை மட்டுமாவது கட்டிச் சீட்டைப் புதுப்பிப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை அவ்வீட்டுப் பெண் மனத்திலேயே கணக்கிட்டு வைத்திருக்கிறாள்.